நாளுக்கொரு பக்கம்

தை பிறந்து ஒரு கிழமை சென்றிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் பேருந்தில், வல்லை வெளியின் காற்றை வாங்கிக்கொண்டு போய் நெல்லியடிச் சந்தியில் இறங்கினோம். சந்தையின் இரைச்சலைக் கடந்து அருகிலிருந்த ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தபோது அங்கே நல்ல கூட்டம். பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க வந்த தாய்மார் ஒருபுறம். புதிய ஆண்டின் நாட்குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்க்கும் பெரியோர் மறுபுறம். தடித்த அட்டையும் பொன்னெழுத்தும் கொண்ட ஏடொன்றைக் கையிலெடுத்த நம்மைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார்.

“ஐயா, தையிலை டயறி வாங்கிற ஆக்கள் மாசியிலை பேனை வாங்க வாறேல்லை” என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் நம்மைச் சுட்டது. நம் வீட்டு அலுமாரியிலும், முதல் பத்துப் பக்கங்கள் மட்டும் நிறைந்த நாட்குறிப்பேடுகள் சில உறங்குகின்றன. வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒன்றாவது இருக்குமென்றே எண்ணுகின்றோம்.

அன்று நாம் நெல்லியடிக்குச் சென்ற காரணம் வேறு. நமக்குப் பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். அப்போது போக இயலாதிருந்த நாம், அவருடைய வீட்டாரைக் கண்டு துக்கம் விசாரிப்பதற்காகவே சென்றிருந்தோம். ஆசிரியரின் மகள் நம்மை விறாந்தையில் இருத்தி, தேநீர் தந்து, சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே சென்று ஒரு கட்டுக் கொப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். எண்ணிப் பார்த்தோம், ஏழு கொப்பிகள். ஏழின் முதற்பக்கத்திலும், நமக்கு நன்கு அறிமுகமான அந்த முத்துப் போன்ற எழுத்தில், ஒரே தலைப்பு: “எங்கள் ஊரும் நானும்”. அதன் கீழே ஒரு தேதி. அநேகமாக ஒவ்வொன்றும் ஒரு தைப்பொங்கல் நாள்.

ஓய்வுபெற்ற பின்னர் தம் வாழ்க்கையையும் ஊரின் பழைய நிலையையும் எழுதி வைக்க வேண்டுமென்று அவர் விரும்பியிருக்கிறார். இரண்டாம் கொப்பியின் பின்னட்டையில் அத்தியாயங்களின் தலைப்புகள்கூட வரிசையாக உள்ளன. துலா மிதித்த காலம், மாட்டு வண்டியிற் பருத்தித்துறைச் சந்தைக்குப் போனது, அம்மாவின் ஒடியற்கூழ், 1964 மார்கழிப் புயல், 1987இல் கோயிலில் அடைக்கலம் புகுந்த நாட்கள், இப்படி இருபத்திரண்டு தலைப்புகள். ஆனால் எழுதப்பட்டிருப்பதோ முதல் அத்தியாயம் மட்டும். ஏழு முறையும் பாட்டனார் கிணறு வெட்டிய கதையிலே தொடங்கி, அந்தக் கிணற்றிலே நீர் ஊறுமுன் நின்றுபோயிருந்தது. மிக நீண்ட முயற்சி பத்தொன்பது பக்கம்.

“அப்பா அந்தப் புயல் இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார், அண்ணை” என்றார் மகள். “பாதியிலை நிப்பாட்டிப்போட்டு, ‘எழுதித் தாறன், ஆறுதலாய் வாசி’ எண்டு சொல்லுவார். நாங்களும் பிறகு கேக்கேல்லை.”

1964 மார்கழியில் வட இலங்கையையும் மன்னாரையும் அலைத்துச் சென்று, அப்பாலே தனுஷ்கோடியை அழித்த புயலின் பொதுச் செய்திகள் நூல்களில் உள்ளன. ஆனால் நெல்லியடிக்கு அயலிலே ஓர் ஓலைவீட்டில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனாக இருந்த ஒருவர் அந்த இரவிலே எதைக் கண்டார் என்பது எந்நூலிலும் இல்லை. அஃது அவரோடு போயிற்று.

நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது இன்னொன்று. நம் ஆசிரியர் சோம்பலுடையவரா? இல்லவே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த அவர், ஒரு கிழமைகூடத் தவறாமற் பாடக்குறிப்பு எழுதியவர். காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் மகனைக் கொண்டு கொப்பியை அதிபரிடம் அனுப்பியவர் என்று மகளே சொன்னார். அந்தப் பாடக்குறிப்புக் கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆள் உயரம் வரும். எழுதத் தெரியாதவருமல்லர், எழுத நேரமில்லாதவருமல்லர். அவ்வாறிருக்க, கட்டாயத்துக்கு எழுதிய எழுத்து ஆளுயரம் வளர்ந்ததும், ஆசையோடு எழுதத் தொடங்கிய எழுத்துப் பத்தொன்பது பக்கத்தில் நின்றதும் ஏன்?

பாடக்குறிப்புக்கு ஓர் அளவு இருந்தது: இந்தக் கிழமைக்கு இத்தனை பாடம். அதற்கு ஒரு தவணை இருந்தது: திங்கட்கிழமை காலை. அதைப் பார்த்துக் கையெழுத்திட ஒருவர் இருந்தார். அன்றியும், அதிலே பேரழகை எவரும் எதிர்பார்க்கவில்லை. உள்ளபடி இருந்தாற் போதும். “எங்கள் ஊரும் நானும்” என்ற நூலுக்கோ இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. அதற்கிருந்தது பெருமை ஒன்றே. முடிந்தால் மிகப் பெரிய நூலாக முடியவேண்டும் என்ற எண்ணமே அதனைத் தொடரவிடாமற் செய்தது எனலாம். எழுத்து முயற்சியில் இலக்கு வைப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை, நம் ஆசிரியரின் வீட்டிலேயே இரண்டு கொப்பிக் கட்டுகளாக இருந்தது.

இந்த அளவையும் தவணையையும் தமக்குத் தாமே விதித்துக்கொண்டு வென்றவர் ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். அந்தோனி ட்ரொலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் (1815–1882) பிரித்தானிய அஞ்சற் சேவையில் 1834 முதல் 1867 வரை உத்தியோகம் பார்த்தவர். வீதியோரத்துத் தபாற்பெட்டி 1852இல் பிரித்தானியரின் கால்வாய்த் தீவுகளில் முதன்முதல் நாட்டப்பட்டது இவருடைய ஆலோசனையின் பேரிலேயே. இத்தகைய பொறுப்புள்ள வேலையோடு எழுதத் தொடங்கிய அவர், தம் வாழ்நாளில் 47 நாவல்களை எழுதினார். எவ்வாறு எழுதினார் என்பதை, 1883இல் வெளிவந்த தம் சுயசரிதையிலே ஒளிக்காமற் கூறியுள்ளார். காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். அவரை எழுப்பிக் கோப்பி கொடுக்கும் முதிய வேலையாளுக்கு அதற்கென்றே ஆண்டுக்கு ஐந்து பவுண் அதிகமாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தம்மைத் தாமே கேட்டு வாங்கினார். ஒரு நூலைத் தொடங்குமுன் கிழமை கிழமையாகப் பிரித்த ஓர் அட்டவணையை வரைந்து, ஒவ்வொரு நாளும் எழுதிய பக்கங்களை அதிலே பதிந்துவந்தார். எழுதாத நாள் வெறுமையாக நின்று அவர் முகத்தைப் பார்க்கும். காலை உணவுக்குமுன் எழுத்து முடிந்துவிடும். பிறகு அவர் அஞ்சல் உத்தியோகத்தர்.

இதனைப் படித்த விமர்சகர் பலர் முகஞ்சுளித்தனர். “எழுத்து என்ன மண்வெட்டி வேலையா? உள்ளத்தில் ஊற்றெடுக்க வேண்டாமா?” என்று கேட்டனர். சுயசரிதை வெளிவந்தபின் அவருடைய மதிப்புச் சில காலம் தாழ்ந்ததுமுண்டு. ஆனால் அவர் நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. ஊற்று எப்போது பெருகும் என்று எவரும் அறியார். பெருகும் வேளையிலே வாளியோடு கிணற்றடியில் நிற்பவனுக்கே தண்ணீர் கிடைக்கும். தினந்தோறும் மேசைக்கு வருவதன் பயன் அதுவே. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. மனம் வந்த நாளில் மட்டும் இறைப்பு இறைத்தால் வெங்காயம் விளையுமா?

ட்ரொலப் பணத்துக்காகவும் எழுதினார். பதிப்பாளர் அவருக்குக் காத்திருந்தனர். எவரும் கேளாமலே எழுதியவர் ஒருவரும் நம் மொழியில் உண்டு. புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 செப்டெம்பரில் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761 ஜனவரி வரை, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள், அது தொடர்ந்தது. அவர் காலமானதும் அந்த மாதத்திலேயே. கப்பல் வந்ததையும், ஆளுநர் சொன்னதையும், சந்தையின் நிலைமையையும், தாம் கண்ட கனவையுங்கூட அவர் எழுதினார். பெரிய இலக்கியம் படைக்கிறோம் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. பேச்சுத் தமிழும் பிறமொழிச் சொற்களும் கலந்து, அன்றன்று கண்டதையும் கேட்டதையும் தேதியிட்டு வைத்தார். இடையிடையே பல நாட்கள் விடுபட்டுமுள்ளன. ஆயினும் அவர் மீண்டும் மீண்டும் ஏட்டுக்குத் திரும்பினார். 1846இல் அவ்வேடுகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன; 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனைக் கடந்து செல்ல இயலாது.

நம் ஆசிரியரின் முதலாம் அத்தியாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டனாரிலிருந்து தொடங்கினார். பிள்ளையவர்களோ அன்றைய தினத்திலிருந்து தொடங்கினார். தொடக்கத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்ற நியதி எழுத்துக்குக் கிடையாது. மனத்திலே எது உயிரோடு நிற்கின்றதோ அதை முதலில் எழுதலாம். வரிசைப்படுத்துவது பிறகு செய்யும் வேலை. புயலின் கதையை அவர் முதற்பக்கத்தில் எழுதியிருந்தால் அஃது இன்று அந்த வீட்டில் இருந்திருக்கும்.

“பெரிய வேலை என்றால் சிறு அளவு எப்படிப் போதும்? எப்போது முடிப்பது?” என்று கேட்போர் நெல்லியடியிலிருந்து நெடுந்தூரம் போகவேண்டாம். அயலிலேயே உள்ள உடுப்பிட்டியிற் பிறந்தவர் வைமன் கு. கதிரவேற்பிள்ளை (1829–1904). வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சட்டத்துறையிற் புகுந்து, ஊர்காவற்றுறையில் நீதவானாக இருந்தவர். அவர் கையில் எடுத்த வேலையோ ஒரு தமிழ்ச் சொல்லகராதி. அகராதி என்பது ஒருவர் ஒரே மூச்சில் எழுதும் நூலன்று. ஒரு சொல், அதன் பொருள், பின்னர் அடுத்த சொல். இன்று நிறுத்திய இடம் எதுவென்றும் நாளை தொடங்கும் இடம் எதுவென்றும் நெடுங்கணக்கே காட்டித் தரும். அவர் 1904இல் மறைந்தார். அவர் தொகுத்த செல்வத்தை மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910, 1912, 1923 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக அச்சேற்றியது. சங்க அகராதி என்று அறிஞர் வழங்குவது அதனையே. அச்சேறிய முழு நூலை அவர் காணவில்லை. ஆனால் அவர் செய்துவைத்த வேலை பிறர் எடுத்து முடிக்கக்கூடிய வேலையாக இருந்தது.

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் “என் சரித்திர”மும் அத்தகையதே. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் அது வாரந்தோறும் வெளிவரத் தொடங்கியபோது ஐயருக்கு வயது எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. கிழமைக்கு ஒரு பகுதி என்ற தவணையை ஏற்றுக்கொண்டார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது கதை முடிவு பெறவில்லை. ஆயினும் 122 அத்தியாயங்கள் நிறைவெய்தியிருந்தன. முடியாத நூல்களில் இரு வகை உண்டு என்பது இதனால் விளங்கும். ஆயுள் முடிந்தமையால் நின்ற நூல் ஒரு வகை. நாம் நாளைக்கென்று தள்ளியமையால் நின்ற நூல் மற்றொரு வகை. முன்னது நமக்குச் செல்வமாகிறது. பின்னது அலுமாரியிற் பாரமாகிறது.

அளவும் தவணையும் பற்றிச் சொன்னோம். மூன்றாவதாக வேண்டுவது, நம் எழுத்துக்காகக் காத்திருக்கும் ஒருவர். யாழ்ப்பாண நகரிலே சிகையலங்காரத் தொழில் செய்த குடும்பத்திற் பிறந்து, பள்ளிப் படிப்பை இளமையிலே விட்டவர் டொமினிக் ஜீவா (1927–2021). “தண்ணீரும் கண்ணீரும்” என்ற அவருடைய சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அதனோடு அமையாமல் 1966 ஆகஸ்டில் “மல்லிகை” என்ற மாத இதழைத் தொடங்கினார். எழுதுவது, எழுத்து வாங்குவது, அச்சிடுவது, தாமே தெருத் தெருவாகக் கொண்டுசென்று விற்பது எல்லாம் அவர் வேலை. போர்க்காலத்திலே குடாநாட்டிற் பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சாகிய நாட்களும் இருந்தன. அத்தகைய காலங்களையெல்லாம் கடந்து, 2012 வரை நானூறுக்கு மேற்பட்ட இதழ்களை அவர் கொண்டுவந்தார். “அடுத்த இதழ் எப்போது?” என்று கேட்கும் வாசகரைத் தாமே தேடிப்போய்ச் சந்தித்த மனிதருக்கு நிறுத்துவது எளிதாக இருந்திராது என்று நாம் எண்ணுகின்றோம். பொலிகண்டியைச் சேர்ந்த ஆசிரியர் தெணியான், பாடசாலைப் பணியோடு நாவலும் சிறுகதையுமாகப் பல்லாண்டு எழுதியவர். 2022இல் அவர் மறைந்தபோது வடமராட்சி ஒரு நல்ல நாவலாசிரியரை இழந்தது. அன்றாடத் தொழில் எழுத்துக்குப் பகை என்று சொல்வார்க்கு இவர்கள் வாழ்க்கையே விடை.

இனி, நெல்லியடியின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட நெல்லை க. பேரனை நினையாமல் இருக்க இயலாது. “ஒரு பட்டதாரி நெசவுக்குப் போகிறாள்”, “விமானங்கள் மீண்டும் வரும்” முதலிய நூல்களை எழுதிய அவர், 1991இல் எறிகணை வீச்சிலே குடும்பத்தினருடன் உயிரிழந்தார். இன்னும் எத்தனையோ எழுதியிருக்க வேண்டிய வயது. அவர் எழுத நினைத்திருந்தவை யாவை என்று நாம் அறியோம்; எழுதி முடித்தவையே நம்மிடம் உள்ளன. 1981 ஜூன் முதலாந் தேதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அதன் பின்னர் வந்த இடப்பெயர்வுகளிலே வீடுகளில் விட்டுச்சென்ற கடிதங்களும் கொப்பிகளும் எத்தனையென்று யார் எண்ணினார்? நம் மண்ணில் எழுத்தைத் தள்ளிப்போடுவது மற்றை நாட்டாருக்குள்ள சிறு குற்றமன்று. நாம் எழுதாது விட்டால், ஒரு தலைமுறை கண்டதைச் சொல்ல வேறு சான்று இல்லாமற் போய்விடும்.

ஆகவே, இவ்வாண்டிலே எழுத விரும்பும் அன்பர்களுக்கும் மாணவத் தம்பி தங்கையருக்கும் நம் அனுபவத்திற் கண்ட சிலவற்றைச் சொல்கின்றோம்.

இலக்கை நம் கைக்குள் அடங்குவதாக வைக்க வேண்டும். “இந்த ஆண்டு பரிசு பெறுவேன்” என்பது இலக்கன்று. பரிசு நடுவர் கையில் உள்ளது. “பத்திரிகையிற் கதை வெளியாகும்” என்பதும் ஆசிரியர் கையில் உள்ளது. “மாசி முடியுமுன் ஒரு கதையை எழுதித் திருத்தி அனுப்புவேன்” என்பது நம் கையில் உள்ளது. முன்னவற்றை வைத்துக்கொண்டு தோற்றால் மனமுடையும். பின்னதை வைத்துக்கொண்டால், கதை திரும்பி வந்தாலும் நாம் வென்றவர்களே.

அளவைச் சிறிதாக வையுங்கள். கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் கொள்ளும். நாளுக்கொரு பக்கமாக ஆண்டிலே 300 நாட்கள் எழுதினால் 45,000 சொற்கள். அஃது அச்சில் ஏறக்குறைய 200 பக்க நூல். மீதி அறுபத்தைந்து நாட்களை நோய்க்கும் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கொடுத்துவிடலாம். அரைப் பக்கமே இயலும் என்பவருக்கு இரண்டு ஆண்டு. கேட்கும்போது நீண்ட காலமாகத் தோன்றும். நம் ஆசிரியர் ஏழு பொங்கல்களைக் கடந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நேரத்தையும் இடத்தையும் முன்னரே குறித்துவிடுங்கள். “நேரம் கிடைக்கும்போது” என்ற நேரம் எந்த மணிக்கூட்டிலும் இல்லை. விடியற்காலையோ, பிள்ளைகள் உறங்கியபின்னோ, பேருந்துப் பயணமோ, எதுவாயினும் ஒன்றாக இருக்கட்டும். கைப்பேசியில் தமிழ் தட்டெழுதுவோரும் அவ்வாறே செய்யலாம். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு வேறு செய்திகளின் மணியோசையை அடக்கிவையுங்கள்.

எழுதும் நாளிலேயே திருத்த முற்படவேண்டாம். நம் ஆசிரியரின் கொப்பிகளில் முதற்பக்கம் ஒவ்வொன்றும் மூன்று நான்கு முறை அடித்து எழுதப்பட்டிருந்தது. பிறர் கட்டுரையைத் திருத்திப் பழகிய சிவப்புப் பேனை, தம் கட்டுரையை நடக்கவிடவில்லை. முழுவதையும் எழுதியபின் திருத்துவதற்கென்று வேறு நாட்களை ஒதுக்குங்கள். எழுதாத பக்கத்தைத் திருத்த எவராலும் முடியாது.

ஒருநாள் தவறினால் மறுநாள் அந்த நாளின் பக்கத்தை மட்டும் எழுதுங்கள். விட்ட கடனையெல்லாம் சேர்த்து அடைக்க முற்படுவோர் மூன்றாம் நாள் ஏட்டையே ஒளித்துவைப்பர். பிள்ளையவர்களின் ஏட்டிலும் இடைவெளிகள் உண்டென்று முன்னரே சொன்னோம்.

எழுதியதைக் கிழமைக்கொருமுறை ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரிய புலவராக அவர் இருக்கவேண்டியதில்லை; “பிறகென்ன நடந்தது?” என்று கேட்பவராக இருந்தாற் போதும். எழுதியதற்கு ஒரு பிரதியும் வேறோர் இடத்தில் இருக்கட்டும். பக்கத்தைக் கைப்பேசியிற் படம்பிடித்து வெளியூரிலுள்ள ஓர் உறவினருக்கு அனுப்புவது இன்று ஒரு நிமிட வேலை. இந்த ஒரு நிமிடம் நம் முன்னோருக்கு வாய்க்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல். பரீட்சைக்குக் கட்டுரை மனனம் செய்வதிலும், நாளுக்கு ஒரு பந்தியைச் சொந்தமாக எழுதுவது பயன் தரும். இன்று வகுப்பிற் கேட்டது, வழியிற் கண்டது, அம்மம்மா சொன்னது, எதுவாயினும் ஐந்து வசனம். ஒரு தவணை முடிவில் முதல் நாள் எழுதியதையும் கடைசி நாள் எழுதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் வளர்ச்சியை உங்கள் கண்ணே கண்டுகொள்ளும்.

நம் ஆசிரியர் வீட்டுக்குத் திரும்புவோம். கொப்பிகளைப் பார்த்து முடித்தபின் மகளிடம், “தங்கச்சி, அந்தப் புயல் இரவிலே வீட்டில் இருந்தவர்கள் வேறு எவரும் இப்போது இருக்கிறார்களா?” என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார்.

“மாமி இருக்கிறா, அப்பாவின்ரை அக்கா. எண்பது தாண்டிப்போச்சு. கனடாவிலை மகளோடை. ஞாயிற்றுக்கிழமையிலை போனிலை கதைப்பா.”

அவ்வளவுதான் நாம் கேட்டது. அதற்குமேல் உபதேசம் செய்ய நமக்கு என்ன தகுதி? நாமும் பத்துப் பக்க நாட்குறிப்புக்காரரே.

சென்ற கிழமை அவரிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்தது. ஏழாவது கொப்பியின் இருபதாம் பக்கம். தந்தையாரின் கடைசி வரிக்குக் கீழே மட்டம் வைத்து ஒரு கோடு கீறி, அதன் கீழே ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதியிட்டு, மகள் எழுதியிருந்தார். மாமி சொன்னதை மாமியின் பேச்சிலேயே எழுதியிருந்தார். கூரை ஓலை பறந்ததும், குழந்தைகளைப் பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவிலே இருத்தியதும், தம்பி தன் பள்ளிக்கூடப் புத்தகங்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்ததும் அதிலே இருந்தன. ஒரு பக்கம் முடிந்த இடத்தில் எழுத்தும் நின்றது. அடியிலே, “மிச்சம் வாற ஞாயிறு” என்று ஒரு குறிப்பு.

அந்தத் தம்பிதான் நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர். அவர் சொல்லாமற் போன கதையின் முதற்பக்கத்தை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் வாசித்தோம். வரும் ஞாயிறு இரண்டாம் பக்கத்துக்காகக் காத்திருக்கிறோம். அதற்குள் நம் அலுமாரியைத் திறந்து, பத்தாம் பக்கத்தில் நின்ற நாட்குறிப்பேடு ஒன்றை எடுத்துப் பதினோராம் பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டோம். வாசகர்களே, நீங்களும் இன்றிரவு ஒரு பக்கம் எழுதிவிட்டு உறங்குங்கள்.